டிரினிடாடில் தெரு யாருடையது: கார்னிவலும் சமயத் திருவிழாக்களும்

கேள்வி மூன்று பகுதிகளாக வந்திருக்கிறது. கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட் டொபாகோ நாட்டின் முதன்மைத் தீவான டிரினிடாடில் நடக்கும் கார்னிவல் ஒரு கிறிஸ்தவத் திருவிழாவா, வெறும் கேளிக்கையா என்பது முதல் பகுதி. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்திய வம்சாவளியினராக இருக்கும் அந்த நாட்டில், அவர்களுடைய பண்டிகைகளுக்கும் கார்னிவலுக்கும் ஏதேனும் உறவு உண்டா என்பது இரண்டாவது. நேரில் பார்க்க விரும்புகிறவர் எந்த மாதத்தில் போகலாம் என்பது மூன்றாவது.

கார்னிவல் எந்த நாளில் வரவேண்டும் என்பதைக் கத்தோலிக்க நாட்காட்டி தீர்மானிக்கிறது: ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்கும்; அதற்கு முந்திய இரண்டு நாட்கள் கார்னிவல். அந்த நாளில் என்ன நடக்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஆப்பிரிக்க வம்சாவளியினர். எந்தத் தேவாலயமும் அதை நடத்துவதில்லை. முதல் பகுதிக்குச் சுருக்கமான விடை இவ்வளவுதான். ஆனால் இந்த விடையோடு நின்றுவிட்டால் டிரினிடாடின் தனித்தன்மை பிடிபடாது. கார்னிவல், ஹோசே என்று அங்கே வழங்கப்படும் மொஹரம் ஊர்வலம், ஆப்பிரிக்க மரபின் சாயல் கொண்ட கிறிஸ்தவர்களான ஷவுட்டர் பாப்டிஸ்டுகளின் வழிபாடு ஆகிய மூன்றையும் பிரிட்டிஷ் அரசு ஏறக்குறைய ஒரே கண்ணோடுதான் பார்த்தது. ஏழைகள் கூட்டமாகத் திரண்டு, பெருத்த ஓசையெழுப்பி, பல வேளைகளில் தீவட்டியும் கையுமாகப் பொதுவெளிக்கு வருவது அதற்கு அச்சமூட்டியது. ஆகவே யார் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார்கள் என்று கேட்பதைக் காட்டிலும், யார் எந்தத் தெருவில் எதைக் கொட்டிக்கொண்டு போக முடிந்தது என்று கேட்டால் இந்தத் திருவிழாக்கள் நன்றாக விளங்கும் என்பது என் கருத்து.

டிரினிடாட் 1797 வரை ஸ்பெயினின் வசம் இருந்தது. ஆள் அரவம் குறைவாக இருந்த அந்தத் தீவில் குடியேறும் கத்தோலிக்கர்களுக்கு நிலம் தருவதாக 1783இல் ஸ்பெயின் அரசர் ஆணையிட, மார்த்தினிக், கிரெனடா முதலிய தீவுகளிலிருந்து பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளோடு வந்து சேர்ந்தனர். கிறிஸ்துமஸ் முதல் திருநீற்றுப் புதன் வரை மாளிகைக்கு மாளிகை முகமூடி விருந்து நடத்துவது அவர்களுடைய வழக்கம். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. ஆனால் முதலாளிகளோ அந்த விருந்துகளில் வயற்காட்டு அடிமைபோல வேடமிட்டு ஆடி மகிழ்ந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் தீப்பற்றினால் அடிமைகளைச் சாட்டையடித்துத் திரட்டி, தீவட்டியோடு தீயணைக்கவும் கரும்பை வெட்டவும் ஓட்டிச் செல்வார்கள். அந்தக் காட்சியும் அவர்களுக்கு ஒரு வேடிக்கை நடிப்பாகிவிட்டது.

1834இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பயிற்சிக்காலம் என்ற பெயரில் தொடர்ந்த கட்டாய உழைப்பும் 1838இல் முடிந்தது. விடுதலையானவர்கள் அதே காட்சியைத் தாங்களே எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். தீவட்டி, தோல் முரசு, கம்புச் சண்டை, முன்பாட்டுக்காரர் பாடக் கூட்டத்தார் திருப்பிப் பாடும் பாட்டு ஆகியவற்றோடு நள்ளிரவில் புறப்பட்ட அந்த ஊர்வலத்துக்குக் கம்பூலே என்று பெயர். முதலில் விடுதலை நாளை ஒட்டி நடந்து வந்த அது, காலப்போக்கில் கார்னிவலுக்கு முந்திய ஞாயிறு நள்ளிரவுக்கு மாறியது. எந்தக் கொடுமையை முதலாளிகள் வேடிக்கையாக நடித்தார்களோ, அதை அனுபவித்தவர்களே இப்போது தங்கள் விடுதலையின் அடையாளமாக நடித்தார்கள். மேட்டுக்குடியினர் மாளிகைக்குள் ஒதுங்கிக்கொண்டு, தெருவில் நடப்பதை ஒழுக்கக்கேடு என்று செய்தித்தாள்களில் எழுதிவந்தனர்.

காவல்துறைத் தலைவராக இருந்த கேப்டன் பேக்கர் கம்பூலேயை ஒடுக்குவதில் முனைந்து நின்றவர். 1881ஆம் ஆண்டுக் கார்னிவலின்போது தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அவருடைய காவலர்கள் தீவட்டிகளைப் பறிக்க வந்தபோது, வழக்கமாக ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் கம்புச் சண்டைக் குழுக்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்து நின்றன. ஆளுநர் ஃப்ரீலிங் காவலர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு, கூட்டத்தாரிடம் நேரில் பேசி அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று. ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1884இல் வந்த அமைதிக் காப்புச் சட்டம் தீவட்டி ஊர்வலம், முரசு, கம்போடு கூடும் கூட்டம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. கார்னிவல் இனித் திங்கட்கிழமை விடியலில்தான் தொடங்கலாம் என்றாயிற்று. இன்று ஜூவே என்று கொண்டாடப்படும் விடியற்காலைத் தொடக்கம் அப்படி உருவானதே. கார்னிவலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பொழுது விடியும் முன்பே, 1881 மோதலை அந்த நகரத்தின் தெருவிலேயே இப்போது ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறார்கள். கார்னிவலுக்குப் போகிற வெளிநாட்டவர் பெரும்பாலும் தவறவிடும் நிகழ்ச்சி இது.

அதே 1884ஆம் ஆண்டில்தான் நம்மவர்களின் கதையும் இதோடு வந்து சேர்கிறது. அடிமைகள் விடுதலையான பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க ஒப்பந்தக் கூலி முறை வந்தது. 1845 மே 30 அன்று ஃபத்தேல் ரசாக் என்ற கப்பல் முதல் தொகுதி இந்தியர்களோடு கரை சேர்ந்தது; 1917இல் இந்த முறை நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ 1,44,000 பேர் டிரினிடாடுக்குச் சென்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகத்தில் ஏறிய போஜ்புரி, அவதி பேசும் வட இந்தியர். சென்னையிலிருந்து ஏறியவர்கள் சிறுபான்மையினர். இந்துக்கள் பெரும்பான்மையாகவும் முஸ்லிம்கள் சிறு தொகையினராகவும் இருந்த அந்தக் கூலி லயங்களில், எல்லோருக்கும் பொதுவான பெருவிழாவாக வளர்ந்தது மொஹரம்தான். கர்பலாவில் நபிகளின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்டதை நினைவுகூரும் துக்க நாள் அது. தோட்டத்துக்குத் தோட்டம் மூங்கிலும் காகிதமும் கொண்டு, ஹுசைனின் கல்லறை மாடத்தைக் குறிக்கும் தாஜியாவை அடுக்கடுக்காகக் கட்டினார்கள். எந்தத் தோட்டத்து தாஜியா முன்னால் போவது என்று போட்டியும் சண்டையும் நடந்தன. இந்துக்கள் நேர்ந்துகொண்டு தாஜியாவுக்குப் படையல் வைத்தார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரும் முரசு கொட்ட வந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இந்துக்களே மொஹரத்தை அல்லாசாமி பண்டிகையாக நடத்தி, பஞ்சா என்னும் கை வடிவச் சின்னத்தைத் தூக்குவதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

அரசுக்கு வியப்பு இல்லை, கவலைதான் இருந்தது. ஆயிரக்கணக்கான கூலிகள் ஒரே நாளில் தோட்டத்தை விட்டு வெளியேறி நகரத்துக்குள் வருவதையும், இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒரே முரசுக்கு ஆடுவதையும் அது விரும்பவில்லை. தாஜியா ஊர்வலங்கள் நகரங்களுக்குள் நுழையக் கூடாது, இந்தியர் அல்லாதவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று 1884இல் விதிமுறை வந்தது. பல ஆண்டுகளாக இடையூறின்றி நடந்துவந்த வழக்கத்தைத் தடுக்க வேண்டாம் என்று கூலிகள் மனுக் கொடுத்தனர்; அது ஏற்கப்படவில்லை. அக்டோபர் 30 அன்று சான் ஃபெர்னாண்டோ நகரின் எல்லையை நோக்கி வெவ்வேறு சாலைகளில் வந்த ஊர்வலங்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். முஸ்லிம்களின் துக்க நாளில் சுடப்பட்டவர்களுள் பலர் இந்துக்கள். விசாரிப்பதற்காக ஜமைக்காவின் ஆளுநராக இருந்த ஹென்றி நார்மன் அனுப்பப்பட்டார்; நடவடிக்கை சரியே என்ற முடிவுக்குத்தான் அவர் வந்தார். கம்பூலேயை ஒடுக்கிய ஆண்டும் ஹோசேயைச் சுட்ட ஆண்டும் ஒன்றாக இருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஹோசே அழிந்துவிடவில்லை. போர்ட் ஆஃப் ஸ்பெயினின் மேற்குப் பகுதியான செயின்ட் ஜேம்ஸிலும், தீவின் தென்மேற்கு மூலையில் உள்ள செட்ரோஸ் கிராமங்களிலும் இன்றும் நடக்கிறது. செயின்ட் ஜேம்ஸில் குறிப்பிட்ட சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தாஜியா கட்டும் பொறுப்பை வைத்திருக்கின்றன. கட்டும் வாரங்களில் அவர்கள் இறைச்சி, மது, உடலுறவு ஆகியவற்றை விலக்கி விரதம் இருப்பார்கள். முதல் இரவில் கொடிகள் ஊர்வலமாக வரும். அடுத்த இரவில் சிறிய தாஜியாக்கள் வரும். மூன்றாம் இரவில் பெரிய தாஜியாக்களும், அவற்றோடு சந்திரன்கள் என்று அழைக்கப்படும் இரண்டு மாபெரும் பிறை வடிவங்களும் வரும். ஹுசைனுக்குச் சிவப்பு, அவருடைய அண்ணன் ஹசனுக்குப் பச்சை. ஒவ்வொரு சந்திரனையும் ஒருவர் தம் தோள்மீது தனியே தாங்கிச் சுழன்று ஆடுவார். எடை தாளாமல் சற்று நேரத்துக்கொரு முறை ஆள் மாறுவார்கள். இரண்டு சந்திரன்களும் நெருங்கி வந்து ஒன்றையொன்று தொடும் தருணம் சகோதரர்கள் தழுவிக்கொள்வதாகக் கருதப்படும். கூட்டம் அதற்காகவே நள்ளிரவு தாண்டியும் காத்து நிற்கும். மறுநாள் பகலில் கடைசி ஊர்வலம். அதற்கு மூன்றாம் நாள் தாஜியாக்களைக் கடலில் விட்டுவிடுவார்கள். பல வார உழைப்பும், கட்டுபவர்கள் தங்கள் கையிலிருந்து போட்ட பணமும் தண்ணீரில் கரைந்துபோகும்.

இந்த ஊர்வலத்தின் உயிர் தாசா என்னும் முரசு. மண்ணாலான அகன்ற சட்டியில் ஆட்டுத்தோல் போர்த்தி, கழுத்தில் தொங்கவிட்டு இரண்டு குச்சிகளால் அடிப்பது. நம் ஊரில் பறையைத் தீயில் காய்ச்சுவது போலவே, தெருவோரம் தீ மூட்டி, தோல் முறுகும்வரை காட்டிய பிறகே எடுத்து அடிப்பார்கள். கூடவே ஒரு பெரிய உருளை முரசும் பித்தளைத் தாளமும் சேரும். அடிக்கும் முறைகளுக்குக் கை என்று பெயர். துக்கத்துக்கு ஒரு கை, போருக்கு ஒரு கை, அடக்கத்துக்கு ஒரு கை என்று தனித்தனியே உண்டு. அதே தாசா இந்துத் திருமணத்துக்கும் வரும், கார்னிவலுக்கும் வரும், கிரிக்கெட் மைதானத்துக்கும் வரும். இடத்துக்கேற்பக் கை மாறும்.

ஹோசேயைப் பற்றிய வாக்குவாதமும் பழையதே. பல சுன்னி அமைப்புகள் இது இஸ்லாமுக்குப் புறம்பானது என்கின்றன. ஒரு துக்க ஊர்வலம், பீர் பாட்டிலோடு ஆடும் பார்வையாளர்களால் இன்னொரு கார்னிவல் ஆகிவிட்டதே என்று தாஜியா கட்டும் குடும்பத்தினரும் மனம் நோகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செயின்ட் ஜேம்ஸின் முதன்மைச் சாலை சாராயக் கடைகளும் சிற்றுண்டிக் கடைகளும் இரவு முழுவதும் திறந்திருக்கும் கேளிக்கைத் தெரு. ஆனாலும் கட்டுகிறவர்களின் விரதத்தையும் வேடிக்கை பார்ப்பவர்களின் களிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ஹோசேயை இஸ்லாமியக் கார்னிவல் என்று எழுதும் சுற்றுலாக் கையேடுகளை நான் ஏற்பதில்லை.

மூன்றாவது தடை 1917இல் வந்தது. ஷவுட்டர் பாப்டிஸ்டுகள் என்று ஏளனமாக அழைக்கப்பட்டவர்கள் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் அவர்கள் மணியடித்து, உரத்துப் பாடி, தலைப்பாகை கட்டி, தூய ஆவி இறங்கும்போது உடல் குலுங்கி ஆடி வழிபட்டார்கள். அந்த வழிபாட்டில் ஆப்பிரிக்க மரபின் சாயல் தெளிவாக இருந்தது. அண்டை வீட்டாருக்குத் தொல்லை என்ற காரணம் காட்டி அந்த வழிபாட்டையே சட்டம் குற்றமாக்கியது. காட்டுக்குள்ளும் மலைச்சரிவிலும் ஒளிந்து கும்பிட்டு, பிடிபட்டால் அபராதமோ சிறையோ பெற்று, எல்டன் கிரிஃபித் போன்றோர் முன்னின்று மனுமேல் மனுப் போட்ட பிறகு, 1951 மார்ச் 30 அன்று அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. 1996 முதல் மார்ச் 30 பொது விடுமுறை. மேற்கு ஆப்பிரிக்க யொருபா மரபிலிருந்து வந்த ஒரிஷா வழிபாட்டுக்கும் இதே பழிச்சொற்கள்தான் கிடைத்தன. ஓகுன், ஷாங்கோ, ஒஷூன் முதலிய தெய்வங்களுக்கு இரவு முழுவதும் முரசு கொட்டி, பலியிட்டு, சாமி இறங்கி ஆடும் அந்த விழாக்கள் பெரும்பாலும் வீட்டு முற்றங்களிலேயே நடக்கின்றன. வெளியாருக்கு அவை எளிதில் கண்ணில் படுவதில்லை.

தோல் முரசுக்குத் தடை வந்த பிறகு கார்னிவல் கூட்டம் என்ன செய்தது என்பது இந்த வரலாற்றின் மிகச் சுவையான பகுதி. வெவ்வேறு நீளத்தில் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தியும் ஒன்றோடொன்று தட்டியும் தாளம் எழுப்பினார்கள். தம்பு பம்பு என்று அதற்குப் பெயர். மூங்கில் சீக்கிரம் பிளந்துவிடும். 1930களில் பிஸ்கட் டப்பா, குப்பைத் தொட்டி மூடி, காரின் பிரேக் உருளை என்று கையில் கிடைத்த உலோகத்தையெல்லாம் சேர்த்தார்கள். போர்க்காலத்தில் 1942 முதல் 1945 வரை கார்னிவலுக்கே தடை இருந்தது. அந்த ஆண்டுகளில் லாவன்டில் மலைச்சரிவு போன்ற ஏழைக் குடியிருப்புகளில் இளைஞர்கள் டப்பாவின் அடிப்புறத்தைத் தட்டிக் குழித்து, ஒவ்வொரு குழிவுக்கும் ஒரு சுரம் என்று பிரித்தெடுக்கக் கற்றார்கள். வின்ஸ்டன் ஸ்பிரீ சைமன், எல்லி மானெட், அந்தோணி வில்லியம்ஸ் ஆகியோர் பெயர்கள் இங்கே முக்கியமானவை. எண்ணெய் வளம் உள்ள தீவில் காலி எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. அதன் அடிப்பாகத்தை அறுத்துச் சூடேற்றிச் சுதி சேர்த்தது ஸ்டீல்பேன் ஆயிற்று. பாப்டிஸ்டுகளின் தடை நீங்கிய அதே 1951ஆம் ஆண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட பேன் கலைஞர்களின் குழு ஒன்று லண்டனில் நடந்த பிரிட்டன் விழாவுக்கு அனுப்பப்பட்டது. அதுவரை ரவுடிகளின் கருவி என்று பேன் வாசிக்கும் பையனை அடித்து விரட்டிய குடும்பங்கள் பெருமைப்படத் தொடங்கின. 1963இல் பனோரமா என்ற பேன் போட்டி தொடங்கியது; 1992இல் பேன் நாட்டின் தேசிய இசைக்கருவி என்று அறிவிக்கப்பட்டது. ஒரு பெரிய குழுவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இசைக்குறிப்பைப் பார்க்காமலேயே மனப்பாடமாக வாசிப்பதை நேரில் கேட்காதவர்களுக்கு அதன் வலிமையைச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

இப்போது கார்னிவல் நாட்கள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தீவின் கேலியும் விமர்சனமும் கலந்த பாட்டு வகையான கலிப்சோவைப் பாடுபவர்களின் அரங்குகளும் இரவு விருந்துகளும் தொடங்கிவிடும். ஞாயிறு இரவு குவீன்ஸ் பார்க் சவானா மைதானத்தில் பெரிய மேடை நிகழ்ச்சி. திங்கள் அதிகாலை நான்கு மணியளவில் ஜூவே: சேறு, எண்ணெய், வண்ணச்சாயம், கரைத்த சாக்லேட் ஆகியவற்றைப் பூசிக்கொண்டு, யார் எவர் என்று தெரியாத இருட்டில் ஆடிக்கொண்டே நகர்வலம். பழைய வேடங்கள் உயிரோடு இருப்பது இந்த நேரத்தில்தான். உடலெங்கும் கரும்புப் பாகோ கரியெண்ணெயோ பூசிச் சங்கிலியை இழுத்துவரும் ஜாப் மொலாஸி, வாயிலிருந்து தீ உமிழ்ந்து காசு கேட்கும் பராமின் மலைக்கிராமத்து நீலப் பேய்கள், பெரிய விளிம்புள்ள தொப்பியோடு வழிமறித்துத் தன் பிறப்பையும் வலிமையையும் அடுக்குமொழியில் முழங்கும் நள்ளிரவுக் கொள்ளையன், வானளாவிய பொய்க்காலில் நடக்கும் மோகோ ஜம்பி, பிரெஞ்சு முதலாளியின் மனைவியைக் கேலி செய்யும் டேம் லொரேன் ஆகிய ஒவ்வொன்றிலும் அடிமைக்காலத்து நினைவோ ஆப்பிரிக்க நினைவோ ஒளிந்திருக்கிறது. பேயாக வேடமிட்டு ஆடுவது, தங்களைப் பேய்கள் என்று அழைத்தவர்களுக்குக் கொடுத்த பதிலும் ஆகும்.

செவ்வாய்க்கிழமை அலங்கார வேடங்களின் நாள். பெரிய குழு ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பிரிவு பிரிவாக அதற்கேற்ற உடையில் வரும். இதைக் கலையின் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பீட்டர் மின்ஷல். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் தொடக்க விழாவில் பங்களித்தவர் அவர். 1995இல் தம் குழுவின் படைப்புக்கு அல்லேலூயா என்று பெயரிட்டபோது, இறைப்புகழ்ச் சொல்லைக் கார்னிவலுக்கு இழுப்பதா என்று சில போதகர்கள் கொதித்தெழுந்தார்கள். கார்னிவல் இறைவனுக்கு எதிரானதா என்ற கேள்வி டிரினிடாடில் இன்னும் முடிந்துபோகவில்லை என்பதற்கு அது ஒரு சான்று. கத்தோலிக்கர்கள் இதில் பொதுவாகச் சங்கடப்படுவதில்லை. செவ்வாய் நள்ளிரவில் இசை நிற்கும். புதன்கிழமை நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளத் தேவாலயத்தில் கூட்டம் நிற்கும். அன்றே மராக்கஸ் கடற்கரையிலும் கூட்டம் நிற்கும். பெந்தெகொஸ்தே சபையினரோ அந்த இரண்டு நாட்களும் ஊரைவிட்டு விலகி உபவாசக் கூட்டங்களுக்குப் போய்விடுவது வழக்கம்.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்களில் 35.4 விழுக்காட்டினர் இந்திய வம்சாவளியினர், 34.2 விழுக்காட்டினர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். சமய அளவில் கத்தோலிக்கர் 21.6, இந்துக்கள் 18.2, முஸ்லிம்கள் 5 விழுக்காடு. இந்தியர்கள் கார்னிவலை நீண்ட காலம் தள்ளி நின்றே பார்த்தார்கள். குறிப்பாகப் பெண்கள் தெருவில் ஆடுவதை இந்து அமைப்புகள் கண்டித்தன. ஆனால் இசை அந்த வேலியைத் தாண்டியது. 1970களில் லார்ட் ஷார்ட்டி என்ற கலிப்சோ பாடகர் இந்தியத் தாளங்களைச் சேர்த்து சோக்கா என்னும் புது வகையை உருவாக்கினார். இன்று கார்னிவல் தெருவில் ஒலிப்பது பெரும்பாலும் சோக்காதான். திருமணத்துக்கு முந்திய சடங்குகளில் பெண்கள் மட்டும் கூடிப் பாடிய கேலிப் பாட்டிலிருந்து சட்னி இசை பிறந்தது. சுந்தர் போப்போ 1970 வாக்கில் அதை வானொலிக்குக் கொண்டுவந்தார். திருபதீ ராம்கூனாய் 1980களின் பிற்பாதியில் சட்னியையும் சோக்காவையும் ஒன்றாகக் கலந்து மேடையேற்றியபோது, இந்துப் பெண்ணுக்கு இது அழகா என்று எழுந்த கண்டனம் பெரிது. இன்று சட்னி சோக்காப் போட்டி கார்னிவல் பருவத்தின் அங்கம்.

இந்துக்களின் பண்டிகைகளில் தீபாவளிக்கு 1966 முதல் பொது விடுமுறை உண்டு. மூங்கிலைப் பிளந்து வளைத்து, வளைவுகளிலும் கோபுர வடிவங்களிலும் அகல் வைப்பது அங்கே தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது. சகுவானஸ் நகருக்கு அருகே 1986 முதல் தீபாவளி நகர் என்ற பெரிய நிகழ்ச்சி பல இரவுகள் நடக்கிறது. ஹோலியை ஃபக்வா என்பார்கள்; சாயத்தண்ணீர் தெளிப்பதோடு டோலக்கும் தாளமும் முழங்க இரண்டு வரிசையாக எதிரெதிரே அமர்ந்து சௌதால் பாடுவதும் உண்டு. கார்னிவல் முடிந்து சில வாரங்களில் இது வருவதால், சேறு பூசிய கூட்டத்தையும் சாயம் பூசிய கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பேசாத டிரினிடாட்வாசி இல்லை.

தமிழர்களுக்கு நேரடித் தொடர்புள்ளது காளிமாய் பூசை. சென்னையிலிருந்து கப்பலேறி, மதராசிகள் என்று அழைக்கப்பட்டவர்கள் மாரியம்மனையும் மதுரை வீரனையும் சங்கிலிக் கருப்பனையும் முனீசுவரனையும் தீமிதியையும் கொண்டுசென்றார்கள். தமிழ் அங்கே மூன்று நான்கு தலைமுறைகளில் பேச்சிலிருந்து போய்விட்டது. ஆயினும் தப்பு, வேப்பிலை, கரகம், சாமியாடிக் குறிசொல்லுதல் ஆகியவை நிலைத்தன. தெய்வங்களின் பெயர்களும் பாட்டுகளும் உச்சரிப்புத் திரிந்தாலும் வாயில் நிற்கின்றன. தேய்ந்து கொண்டிருந்த இந்த வழிபாடு, மதராசி மரபு வலுவாக உள்ள கயானாவின் செல்வாக்கால் 1970களிலிருந்து மீண்டும் தழைத்தது. பலியிடுவதையும் சாமியாடுவதையும் சனாதன தர்ம மகாசபை வகையிலான வட இந்திய மரபு இந்துக்கள் தாழ்வாகப் பார்ப்பது உண்டு. ஷவுட்டர்களை ஆங்கிலிக்கர்கள் பார்த்த பார்வைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை என்பதை அங்கே போகிற தமிழர் கவனிக்கவேண்டும்.

இந்த நாட்டின் திருவிழாக்களில் ஒன்றை மட்டும் காட்டச் சொன்னால் நான் சிபாரியா ஊர்த் தேவாலயத்தைத்தான் காட்டுவேன். தெய்வீக மேய்ப்பி என்ற பெயரில் அங்கே கருநிற முகத்தோடு ஒரு மரியன்னை திருவுருவம் உள்ளது. கப்புச்சின் துறவிகளின் மிஷன் காலத்துத் தொடர்புடையது. பெரிய வியாழன் இரவிலும் புனித வெள்ளியன்றும் இந்துக்கள் ஆயிரக்கணக்கில் வந்து, சிபாரி மாய் என்று அழைத்து, எண்ணெயும் பூவும் அரிசியும் நகையும் படைக்கிறார்கள். குழந்தைக்கு முதல் முடியிறக்குகிறார்கள். வாசலில் வரிசையாக அமர்ந்திருக்கும் ஏழைகளுக்குப் பிச்சையிடுகிறார்கள். பலருக்கு அவள் காளி. கத்தோலிக்கர்கள் தங்கள் திருவிழாவை ஈஸ்டருக்குச் சில வாரங்கள் கழித்து அதே உருவத்துக்கு நடத்துகிறார்கள். இவ்வளவுக்கும் இது ஒற்றுமை வளர்க்க யாரோ திட்டமிட்டு ஏற்படுத்திய விழா இல்லை. வேண்டியது கிடைத்தது என்று நம்பியவர்கள் மறுபடி மறுபடி வந்ததால் ஏற்பட்ட வழக்கம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரிமாவில் ஆகஸ்டு மாதம் நடக்கும் சாந்தா ரோசா விழா தீவின் பூர்வகுடி மக்களின் வழித்தோன்றல்கள் முன்னின்று நடத்துவது. கிறிஸ்துமஸ் காலத்தில் வீடுவீடாகச் சென்று குவாத்ரோ என்ற நான்கு நரம்புக் கருவியோடு ஸ்பானிய மொழியில் பாடும் பராங், கொக்கோத் தோட்டங்களுக்கு வந்த வெனிசுவேலா மக்களோடு பெரிதும் சேர்ந்து வளர்ந்தது. லோபினோ, பராமின் ஊர்களில் நன்றாகக் கேட்கலாம். டொபாகோ தீவில் ஈஸ்டரை ஒட்டி புக்கூ ஊரில் ஆட்டுப் பந்தயம் நடக்கிறது. சமயத் தொடர்பு அதிகமில்லாத விழா இது; ஆனாலும் வேடிக்கைக்குக் குறைவில்லை.

இன்றைய கார்னிவலைப் பற்றி ஒரு குறையைச் சொல்லவேண்டும். பெரிய குழுக்களின் உடை பெரும்பாலும் மணியும் இறகும் கோத்த நீச்சலுடையாகிவிட்டது. அதன் விலை குறைந்தபட்சக் கூலி வாங்குபவரின் ஒரு மாத வருமானத்தைத் தாண்டும். உடை வாங்காதவர்கள் உள்ளே புகாதபடி குழுவைச் சுற்றிக் காவலர்கள் கயிறு பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். தெருவில் நடக்கும் உரிமைக்காக 1881இல் கம்பெடுத்தவர்களின் ஊரில், பணம் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் நடுவே கயிறு ஓடுகிறது. ஜூவேயிலும் சிறிய பேன் குழுக்களோடும் போனால் அந்தக் கயிறு குறைவு. ஹோசேக்குக் கயிறும் இல்லை, சீட்டும் இல்லை.

எப்போது போகலாம் என்றால், எதைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஈஸ்டருக்கு 46 நாட்களுக்கு முன் வரும் திருநீற்றுப் புதனுக்கு முந்திய திங்களும் செவ்வாயும் கார்னிவல்; 2027இல் அது பிப்ரவரி 8, 9. அவை அரசு அறிவித்த பொது விடுமுறை நாட்கள் அல்ல. ஆனாலும் நாடே கடையடைத்துவிடும், தங்குமிட வாடகையும் பலமடங்கு ஏறும். வெள்ளி அதிகாலையில் நடக்கும் கம்பூலே நிகழ்ச்சிக்காக வியாழனன்றே போய்ச் சேர்வது நல்லது. சிபாரியாவுக்குப் புனித வெள்ளி, அதாவது 2027 மார்ச் 26. ஹோசே சந்திரமானக் கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னேறிக்கொண்டே வரும். 2027இல் ஜூன் நடுவில் அமையும், அப்போது அங்கே மழைக்காலம் தொடங்கியிருக்கும். கார்னிவலையும் சிபாரியாவையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆறேழு வாரங்கள் தங்கவேண்டும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், விலையும் கூட்டமும் குறைந்த ஹோசே வாரத்தையே பரிந்துரைப்பேன்; செயின்ட் ஜேம்ஸில் தாஜியா கட்டும் முற்றங்களுக்குப் பகலில் போய், காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.